எப்சி எடுத்த வசனம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

அன்புள்ள சங்கீதாவுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லி உன் வீட்டுக்காரன் தினகரன் எழுதுவது. போனில் பேச ஆரம்பித்தால் நீயும் அழுகிறாய், நானும் அழுகிறேன். நம் எப்சி படுக்கையிலிருந்தே போனைப் பிடுங்கி இரண்டு பேரையும் அதட்டுகிறாள். அதனால்தான் கடிதம். நாளைக்கு வேலூர் ஆஸ்பத்திரிக்கு வரும் உன் தங்கையிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நான் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டேன். பக்கத்து வீட்டு அம்சவேணி அக்கா ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே நானே குடுத்தனுப்புறேன், நீ அடுப்பாண்ட போவாத தம்பி" என்று சொல்லிவிட்டார்கள். ஆகையால் என் சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். நீதான் சாப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. தறியில் இருந்த கல்யாணப் புடவைக்கு முதலாளி கொடுத்த ஜரிகை அசல் இல்லை. நெய்யும்போதே தெரிந்துவிட்டது. பெண் வீட்டார் தறியைப் பார்க்க வருவதற்கு முந்தின நாள் அவர் வந்தார். "கேட்டா அசலுன்னு சொல்லிடுப்பா. நீ வேதக்காரன், பொய் சொல்லமாட்டேன்னு ஊருக்கே தெரியும். எப்சி வைத்தியத்த நான் பாத்துக்குறேன்" என்றார். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை மயங்கி விழுந்தபோது கார் கொடுத்தவர் அவர்தானே.

அன்றைக்கு முழுக்க மனதுக்குள் போராட்டம். ஒரு வார்த்தைதானே, பிள்ளைக்காகத்தானே என்று தோன்றியது. ஆண்டவரே அனுப்பிய உதவி என்றுகூட நினைத்துவிட்டேன். சோதனை எந்த வேஷத்தில் வருகிறது பார்.

பெண்ணின் அம்மா புடவையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, "நீங்க சொன்னா போதும்ங்க" என்றார். எதிரே தறி மரத்தில் அந்த வாக்குத்தத்த அட்டை. புது வருஷ ஆராதனையில் ஆளுக்கொரு அட்டை எடுத்தபோது எப்சி எடுத்த வசனம். "உன் தறிக்கு வச்சுக்கோப்பா" என்று அவளே ஒட்டினாளே, அதுதான். "அசல் இல்லம்மா" என்றேன். சத்தமே வரவில்லை. திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு முதலாளி நெய்யப் புதுப் பாவு நூல் கொடுக்கவில்லை. தறி சும்மா கிடக்கிறது.

இனிமேல் மருந்தால் பெரிதாகப் பயனில்லை என்று டாக்டர் சொன்னதை நீ என்னிடம் மறைத்தாய். உன் தங்கை சொல்லிவிட்டாள். எனக்கு வருத்தமில்லை, நானும்தான் தறி விஷயத்தை மறைத்தேன். இத்தனை மாதமும் எப்சி பிழைத்துவிடுவாள் என்றுதான் அந்த வசனத்தைப் படித்துவந்தோம் இல்லையா? நேற்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். அதில் அப்படி இல்லை. கைவிடமாட்டேன் என்று மட்டும்தான் இருக்கிறது. ஆத்திரத்தில் கிழிக்கக் கை போனது. கிழிக்க முடியவில்லை, சங்கீதா. ஆண்டவரையும் விட்டால் நமக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். அவள் தலையணைக்கு அடியில் வை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வந்துவிடுவேன். இனி உங்களை விட்டு எங்கும் போகமாட்டேன். எப்சி கேட்டால், அப்பாவுக்கு நீண்ட லீவு கிடைத்திருக்கிறது என்று சொல்.

நீ ஒரு வாயாவது சாப்பிடு. நான் வரும்வரை அவள் கையை விட்டுவிடாதே. உன் கையைக் கர்த்தர் பிடித்திருப்பாராக.

உன்,
தினகரன்