குயில்செருப்பு இருந்த இடம்

ஜெம்ட்லாந்து, ஆகஸ்ட் 2

அன்பு மகள் இல்வாவுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், சிலியில் நீயும் பேரன் மாத்தேயோவும் அப்படியே இருக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் தேவலை, விறகை அவரே அடுக்குகிறார். அடுத்த ஜூனில் வந்து மாத்தேயோவுக்குக் குயில்செருப்புப் பூவைக் காட்டப்போவதாக எழுதியிருந்தாய், பதில் எழுத எனக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது, போனில் சொல்லவும் வாய் வரவில்லை. நம் காட்டில் அந்த மஞ்சள் பூக்கள் நின்ற இடத்தில் இப்போது ஏழு குழிகள்தான் இருக்கின்றன. யாரோ மண்வெட்டி போட்டு வேரோடு எடுத்துப் போய்விட்டார்கள். இடத்தைக் காட்டிக்கொடுத்தது நான்.

கோடைக்குப் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்த ஓர் அம்மாள் காப்பிக்கு வந்தாள். படித்தவர்கள் முன்னால் எட்டாவதோடு நின்ற எனக்குப் பேச்சே வராது, உனக்குத் தெரியும். அவளோ, நாங்கல்லாம் புத்தகத்துல பாத்தவங்க, நீங்கதாங்க காட்டையே படிச்சவங்க என்றாள். அந்த ஒரு வார்த்தையில் மயங்கி மறுநாளே கூட்டிப் போனேன். நிறையப் படம் எடுத்தாள், யார் யாருக்கு அனுப்பினாளோ, பத்தே நாளில் குழிகள். ஊர்ல யார்கிட்டயும் வாய் தெறக்காதவ, இதுக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு உனக்கு வாயி என்று அப்பா கேட்டார். சின்ன வயதில் என் அப்பா எங்களைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் அந்தப் பூவைப் பார்க்க விடுவார், விதை விழுந்து பூக்கப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும் என்பார். நீ ஆறு வயதில் ஒன்றே ஒன்றைப் பறித்தாய், அதற்கு மூன்று நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன்.

பறிக்கவே சட்டத்தில் தடை உள்ள பூ என்பதால் நேற்று மாவட்ட அலுவலகத்துக்குப் போன் செய்தேன். இடம் எப்படி வெளியே தெரிந்தது என்று அதிகாரி கேட்டார். நரி கிளறியிருக்கும் என்று நாக்கு நுனிவரை வந்தது. அப்புறம் நான்தான் காட்டினேன் என்று என் பெயரோடு சொல்லிவிட்டேன். பூக்காத மூன்று தளிர்கள் மிச்சம் இருக்கின்றன, அவற்றை இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

உன் பத்து வயதில் ஏரிக்கு அப்பால் இன்னோர் இடத்தில் இந்தப் பூவைப் பார்த்ததாகச் சொன்னாய், எங்கே என்றதற்குச் சிரித்துக்கொண்டே ஓடிவிட்டாய். அங்கே இன்னும் இருந்தால் மாத்தேயோவை நீயே கூட்டிப் போய்க் காட்டு, நான் வீட்டில் காப்பி போட்டு வைக்கிறேன். எங்கே என்று நான் கேட்டாலும் சொல்லாதே.

கடவுள் உங்கள் இருவர் கூடவும் இருக்கட்டும். அங்கே இப்போது குளிர், கம்பளிக் காலுறை இல்லாமல் பிள்ளையை வெளியே விடாதே.

உன் அம்மா,
குன்வோர்