மூன்று வண்டி, ஒரே இறக்கம்

செப்டம்பர் 24, புதன்

மூன்று பெட்டிகளும் வந்து சேர்ந்தன. முதுநகர் லாரி ஆபீசில் வீடுவரை கொண்டுவர ஆளில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். சார்லஸ் அண்ணன்தான் திருப்பாதிரிப்புலியூரில் தன் சைக்கிள் கடையைப் பாதியில் சாத்திவிட்டு, குட்டியானை வண்டி பிடித்து ஏற்றிவந்தார். மூன்றையும் மாட்டி முடித்து, தெருவில் ஒரு சுற்று விட்டுப் பார்த்தார். "பிரேக்கு மூணுத்துலயும் நச்சுன்னு நிக்குது அறிவு" என்றார்.

மூன்றும் டிரெயில் பைக், மலைப்பாதைக்கான சைக்கிள். தடித்த டயர், முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர், பட்டனை அழுத்தினால் இறங்கும் சீட். ஒன்று கோயம்புத்தூர்க் கம்பெனி புதிதாகச் செய்தது, இன்னும் கடைக்கு வரவில்லை. மற்ற இரண்டும் போட்டிக் கம்பெனிகளுடையவை. எது யாருடையது என்று எனக்குத் தெரியக்கூடாதாம். பெயர்களின்மேல் டேப் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். அதனால் நிறம்தான் பெயர்: கறுப்பு, ஆரஞ்சு, பச்சை.

ஒரே பாதையில் மூன்றையும் ஓட்டி, எது மேல், எது கீழ், ஏன் என்று எழுத வேண்டும். எழுதியது அவர்களுக்குப் பிடித்துப்போனால் கம்பெனியில் நிரந்தரமாக டெஸ்ட் ரைடர் வேலை. இல்லாவிட்டால் சிதம்பரம் பள்ளியில் இப்போதிருக்கும் பி.டி. டீச்சர் வேலையோடு ஹாஸ்டல் வார்டனும் நானே. அங்கேயே தங்க வேண்டும், ஞாயிறு உட்பட. கரஸ்பாண்டன்ட் அக்டோபர் கடைசிக்குள் பதில் கேட்டிருக்கிறார். ஹாஸ்டலுக்குப் போனால் மலையும் கிடையாது, சைக்கிளும் கிடையாது.

அம்மாவுக்கு ஹாஸ்டல்தான் பிடித்திருக்கிறது. "மூணு வேள சோறு, கூட நாலு பொம்பளைங்க. கைய கால ஒடச்சிக்காம இருப்ப" என்கிறாள். எனக்கு இதில் குழப்பமே இல்லை. இந்த மாவட்டத்தில் இந்த வேலையை என்னைவிட ஒழுங்காகச் செய்ய ஆள் கிடையாது. தலைக்கனம் இல்லை, நிஜம்.

செப்டம்பர் 27, சனி

காலாண்டு விடுமுறை. கறுப்பை எடுத்துக்கொண்டு கேப்பர் மலை. கண்ணாயிரம் என்பவருடைய முந்திரித் தோப்பு வழியாக ஏறி, மழை அறுத்துவிட்ட செம்மண் ஓடைக்குள் இறங்கி, சரளைச் சரிவில் வந்து முடிகிற பாதை. அவரிடம் முன்பே கேட்டுவிட்டேன். மூன்று வண்டிக்கும் இதே பாதை, டயரில் இதே அளவு காற்று, இதே நான்.

கறுப்பு ஒரு எருமை. கல்லையும் வேரையும் மதிக்காமல் இறங்குகிறது. ஏறச் சொன்னால் நின்று யோசிக்கிறது. கடைசி ஏற்றத்தில் அது என்னைச் சுமந்ததா, நான் அதைச் சுமந்தேனா என்று கேட்டால் பதில் இல்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

கறுப்பு, வெள்ளாற்றுக் கரை. சமதளத்தில் தூக்கம் வருகிறது. முட்லூரில் டீக்கு நிறுத்தினால் நாலு பேர் சுற்றி நின்று கியர் எத்தனை என்று கேட்டார்கள். ஒருவர் டயரைக் கிள்ளிப் பார்த்தார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நேற்றும் இன்றும் ஆரஞ்சு. அடடா. ஓடைக்குள் நான் பயந்து பயந்து இறங்குகிற அந்தப் படிக்கட்டு மாதிரி இடத்தில், ஒன்றுமே இல்லாததுபோல் இறங்கிவிட்டேன். பின் ஷாக் அமுங்குவதும் எழுவதும் அவ்வளவு பதமாக இருக்கிறது. ஏற்றத்தில் கொஞ்சம் சோம்பல், மன்னிக்கலாம். பச்சை இதைத் தாண்ட வேண்டுமானால் பறந்துதான் ஆக வேண்டும்.

அக்டோபர் 1, புதன்

பள்ளி பூஜைக்கு வரச்சொல்லிவிட்டதால் சிதம்பரம் போய், ஃபுட்பால்கள் அத்தனைக்கும் பொட்டு வைத்துவிட்டு வந்தேன். அதற்குள் அம்மா வீட்டில் ஆயுத பூஜையை முடித்திருந்தாள். மிக்ஸி, தையல் மிஷின், அரிவாள்மனை, மூன்று சைக்கிள், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. அது கம்பெனிச் சொத்தும்மா என்றேன். "ஊட்டுக்குள்ள வந்தா நம்ம வண்டிதான்" என்றாள். ஹேண்டில்பாரிலும் ஃபிரேமிலும் இருந்ததைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து பொரி தின்றேன்.

அக்டோபர் 2, வியாழன்

முழங்கை தோல் போச்சு. எழுதும்போதே எரிகிறது.

பச்சை ஏற்றத்தில் ஆடு மாதிரி ஏறியது. மேலே போய்ச் சேர்ந்தபோது, இதுதான் முதல் என்று நினைத்துக்கொண்டேன். இறங்கத் தொடங்கியதும் முன் பிரேக் அலறியது. அலறியதே தவிர பிடிக்கவில்லை. சரளைச் சரிவில் லீவரை ஹேண்டிலோடு ஒட்ட அழுத்தினேன். என்ன பிரயோஜனம்? நேரே போய் வேலியில் விழுந்தேன். கண்ணாயிரம் ஓடிவந்தார். "பிரேக்கு இல்லாத வண்டிய ஏம்மா மல மேல ஏத்துற? ஒன்ன எவன் கேப்பான்?" என்று கத்திவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

இந்த வண்டிய எவனாவது சின்னப் பையன் வாங்கி ஓட்டியிருந்தா? என்ன தைரியத்துல இத அனுப்புறானுங்க?

அக்டோபர் 3, வெள்ளி

ரிப்போர்ட்டை மெயிலில் அனுப்பிவிட்டேன். ஆரஞ்சு முதல், கறுப்பு இரண்டு. பச்சைக்கு இடமே தரவில்லை. "முன் பிரேக் நம்பத் தகுந்ததல்ல, இந்த நிலையில் விற்கக் கூடாது" என்று எழுதினேன். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது.

சார்லஸ் அண்ணனிடம் போனில் சொன்னபோது, "நான் மாட்டுனப்ப நல்லாதான பிடிச்சிது?" என்றார். தெருவில் பிடிப்பது வேறு, மலையில் பிடிப்பது வேறு என்று அவருக்கே பாடம் எடுத்தேன்.

அக்டோபர் 4, சனி

காயத்ரி மேடம் பேசினார். கம்பெனியில் வண்டிகளை வடிவமைக்கும் பிரிவின் தலைவர். குரலில் பழைய உற்சாகம் இல்லை. "எங்க வண்டியில பிரேக் கம்ப்ளைன்ட் இதுவரைக்கும் வந்ததே இல்லையே அறிவுமதி" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்திருக்கிறது. பச்சைதான் அவர்களுடையது.

திங்கட்கிழமை மீட்டிங்கில் இந்த பிரேக் செய்து தருகிறவர்களையே மாற்றுவது பற்றி முடிவெடுக்கிறார்களாம். உறுதியாகத்தான் சொல்கிறீர்களா என்றார். முழங்கையைப் போட்டோ எடுத்து அனுப்பட்டுமா என்றேன். வேண்டாம் என்றார்.

அக்டோபர் 5, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது?

சார்லஸ் அண்ணனுக்கு மனசு ஆறவில்லை. காலையில் டூல்ஸ் பையோடு வந்து, பச்சையின் முன் பிரேக் பேடைக் கழற்றினார். மோந்து பார்த்தார். மறுபடி மோந்து பார்த்தார். "அறிவு, இங்க வா. சாமி ரூம்பு வாசன வருது" என்றார். பேடைக் கையில் வாங்கினேன். எண்ணெய்ப் பிசுக்கு, அதன்மேல் கருகிய சந்தனம்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பச்ச வண்டிக்குச் சக்கரத்துல என்னம்மா வெச்ச?"

"நடுவுல வட்டமா, ஓட்ட ஓட்டயா, பளபளன்னு இருந்துச்சே? அத தேங்காண்ண போட்டுத் தொடச்சி, சுத்தி சந்தனம் வெச்சேன். ஏன்?"

பிரேக் டிஸ்க். பேட் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துவது அதைத்தான். அதில் விரல் ரேகை எண்ணெய்கூடப் படக்கூடாது.

"மத்த ரெண்டுத்துக்கும் வெச்சியா?"

"அதுங்களுக்கு மேலாப்புல ஒரு பொட்டோட சரி. அதுங்கள நீ ஓட்டி முடிச்சிட்டியே. மறுநாளு நீ ஏறப்போறது இதுலதான? ஒன்ன நல்லபடியா ஊட்டுக்குக் கொண்டாந்து சேக்கணும்ல."

என்னத்தச் சொல்லித் திட்டுறது? சார்லஸ் அண்ணன் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். என் முழங்கையைப் பார்த்து அம்மாவுக்கே புரிந்துவிட்டது. மத்தியானம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அக்டோபர் 6, திங்கள்

மீட்டிங்குக்கு முன்பே காயத்ரி மேடத்தைப் போனில் பிடித்தேன். பிரேக்கில் குற்றமில்லை, டிஸ்க்கில் எண்ணெயும் சந்தனமும் பட்டிருக்கிறது, என் ரிப்போர்ட்டில் பச்சையைப் பற்றி எழுதியது செல்லாது என்றேன். "சந்தனமா?" என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார் போல. பின்னால் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். கூட இன்னொரு சிரிப்பு.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "சிரிக்கிறவர்கிட்ட ஒண்ணு கேளுங்க மேடம். இந்த வண்டிய வாங்கப்போறவுங்க வீட்டுல ஆயுத பூஜையே வராதா? எங்க அம்மா பண்ணத ஊருக்கு நூறு அம்மா பண்ணுவாங்க. டிஸ்க்ல கை வைக்காதீங்கன்னு வண்டியில எங்கயாவது ஒரு வரி தமிழ்ல இருக்கா?" என்றேன்.

சிரிப்பு நின்றது. புது டிஸ்க்கும் பேடும் அனுப்புங்கள், மழைக்கு முன் மறுபடி ஓட்டித் தருகிறேன் என்றேன். பார்க்கலாம் என்றுதான் சொன்னார்.

வேலை போச்சு என்றே நினைக்கிறேன். ஆனால் சொன்னதில் தப்பில்லை.

அக்டோபர் 9, வியாழன்

டிஸ்க்கும் பேடும் கூரியரில் வந்தன. கூடவே ஒரு வார்த்தைகூட இல்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

நேற்றும் இன்றும் பச்சை. சார்லஸ் அண்ணனும் கூட வந்தார். பிரேக் ஒரு விரலால் தொட்டால் நிற்கிறது. ஏற்றத்தில் ஆரஞ்சைத் தூக்கிச் சாப்பிடுகிறது.

ஆனால் ஓடையின் பெரிய பள்ளத்தில் பின் ஷாக் கடைசிவரை அமுங்கி, டப்பென்று இடுப்பில் இடிக்கிறது. இரண்டாவது, சீட்டை முழுக்க இறக்கினாலும் எனக்கு உயரம். சரிவில் உடம்பைப் பின்னால் தள்ளினால் சீட் வயிற்றில் குத்துகிறது. நான் ஐந்தடி இரண்டு அங்குலம். எங்கள் ஊரில் பாதிப் பேர் என் உயரம்தான். ஃபிரேமை வேறு யாரையோ மனதில் வைத்து வரைந்திருக்கிறார்கள்.

தோப்பு நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது சார்லஸ் அண்ணன் சொன்னார்: "ஒண்ணாவதா போட்டுடேன் அறிவு. அவுங்க வண்டி, அவுங்க குடுக்குற வேல. ஏற்கெனவே ஒரு தபா அவுங்க வண்டிய அநியாயமா திட்டிட்ட. இப்ப கொஞ்சம் ஜாஸ்தியா புகழ்ந்தா கணக்கு நேராயிடும்."

எனக்கும் அந்த ஆசை வராமல் இல்லை. ஹாஸ்டலை நினைத்தால் இன்னும் வருகிறது.

அக்டோபர் 13, திங்கள்

அனுப்பிவிட்டேன். ஆரஞ்சு, பச்சை, கறுப்பு. அந்த வரிசையில்தான்.

ஏற்றத்தில் பச்சைக்கு நிகர் இல்லை என்று எழுதினேன். இறக்கத்தில் இடிப்பதையும் எழுதினேன். சீட் தாங்கும் குழாயை அறுத்துக் குட்டையாக்காமல் கடைக்கு அனுப்பினால், பெண்கள் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்றும் எழுதினேன். மெயில் போனதும் நிம்மதியாக இருந்தது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. விடாத மழை. பதில் இல்லை.

ஒரு போன் போட்டு வேணாம்னு சொல்லித் தொலைக்கக்கூடவா முடியாது?

அக்டோபர் 24, வெள்ளி

கரஸ்பாண்டன்ட் ஹாஸ்டல் அறையைக் காட்டினார். சுத்தமான அறைதான். ஜன்னலைத் திறந்தால் எதிரே சுவர். அடுத்த வாரம் சொல்கிறேன் சார் என்றேன். சைக்கிள் நிறுத்த இடமிருக்கா என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை.

அக்டோபர் 29, புதன்

மத்தியானம், பிள்ளைகள் கோ-கோ ஆடிக்கொண்டிருந்தபோது காயத்ரி மேடம் கூப்பிட்டார். விசிலை ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு மரத்தடிக்கு ஓடினேன்.

"நேராவே சொல்றேன் அறிவுமதி. முதல் ரிப்போர்ட்டுக்கு அப்புறம் நீங்க வேண்டாம்னுதான் முடிவு பண்ணியிருந்தோம்" என்றார். சரிங்க மேடம் என்றேன்.

"பச்சை எங்களோடதுன்னு நான் உளறிட்டேன், இல்லையா? அதுக்கப்புறமும் அதுக்கு ரெண்டாவது இடம் போட்டிருந்தீங்க. இங்க ஓட்டிப் பார்த்த அத்தனை பேரும் முதல் இடம்தான் போட்டிருக்காங்க. எல்லாரும் எங்ககிட்ட சம்பளம் வாங்குறவங்க, எல்லாரும் ஆறடி. நீங்க எழுதின சீட் விஷயத்தை அளந்து பார்த்தோம். நீங்க சொன்னதுதான் சரி. வண்டியைக் கடைக்கு அனுப்புறதைத் தள்ளிவெச்சிட்டோம்."

அன்று போனில் முதலில் சிரித்த அந்த ஆள்தான் ஃபிரேமை மறுபடி வரைகிறாராம். டிசம்பர் முதல் நான் வேலையில் சேர வேண்டும். மாதத்தில் சில நாள் கோயம்புத்தூர், மற்றபடி கேப்பர் மலைதான் என் ஆபீஸ்.

போனை வைத்ததும் விசில் வைத்திருந்த பெண் ஓடிவந்து, "மிஸ், அழுவுறீங்களா?" என்றாள். இல்லை, வேர்க்கிறது என்றேன். அழுதேன்தான்.

அக்டோபர் 31, வெள்ளி

கரஸ்பாண்டன்டிடம் சொல்லிவிட்டேன். வருத்தப்பட்டார். விளையாட்டு விழாவுக்கு வரவேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டார்.

நவம்பர் 30, ஞாயிறு

மழை விட்ட இரண்டாம் நாள். புது ஃபிரேம் நேற்று வந்தது. இந்த முறை டேப் ஒட்டவில்லை. காலையில் மலைக்குப் போய்வந்தேன். பள்ளத்தில் இப்போது இடிக்கவில்லை. சீட் நன்றாகவே இறங்குகிறது. ஆனால் செம்மண் சேறு பின் டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் அடைத்துக்கொண்டு, சக்கரம் சுற்றவே மறுத்துவிட்டது. பாதி வழி தோளில் தூக்கித்தான் வந்தேன்.

வாசலில் உட்கார்ந்து சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பட்டம்மாள் அக்கா தண்ணீர்க் குழாயடியில் அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "உம் பொண்ணு டீச்சர் வேலய உட்டுடுச்சாமே? இப்ப என்னாதான் பண்ணுது?"

நான் சுரண்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். அம்மா நிதானமாகக் குடத்தை நிமிர்த்தி வைத்தாள்.

"கோயமுத்தூருல புதுசா வண்டி செஞ்சாங்கன்னா, மொதல்ல எங்க ஊட்டுக்குத்தான் அனுப்புவாங்க. இவ ஓட்டிப் பாத்துட்டு நல்லால்லன்னா, திருப்பி எடுத்துட்டுப் போயி வேற செய்யணும்."

"இப்ப வந்துருக்கறது நல்லாருக்குதாமா?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். மூஞ்சியெல்லாம் சேறாக நான் உட்கார்ந்திருந்த லட்சணத்தையும் பார்த்தாள்.

"நல்லால்ல" என்றாள், பெருமையாக.