ஒன்று முப்பதுக்குப் போன உன் வண்டி

வேங்கிக்கால்
ஞாயிறு காலை

அன்பு மகள் கவிநிலாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் முழங்கால் வலி நீங்கலாகச் சுகம். டப்ளினில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், வீடியோவில் நீ காட்டுவது எப்போதும் காபிக் கோப்பைதான்.

பதினொரு வருஷத்துக்கு முன் ஐந்தே முக்கால் லட்சம் கொட்டி வாங்கி, லடாக் வரை ஓட்டிவிட்டு, இங்கே போர்வை போர்த்தி நிறுத்திவிட்டுப் போனாயே அந்த எருமைக்கடா பைக், அதை விற்றாகிவிட்டது. அங்கே வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டணும், இரண்டரை லட்சம் எப்படியும் வரும் என்றாய். அந்தக் கணக்கைப் போட்டுத் தந்தவரையே வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். முதலில் வந்தவர், கம்பெனி இந்த மாடலையே நிறுத்திட்டான், ஒரு பிரேக் கட்டைக்குக்கூட பெங்களூருதான் போகணும்னு சொல்லி இரண்டு லட்சத்துக்குக் கேட்டார். உன் அப்பா சிரித்தார். அடுத்த மாதம் வந்தவர் ஒன்று எழுபது என்றார். அப்பா கோபப்பட்டார். மூன்றாமவர் விலையே சொல்லவில்லை, ஏறி உட்கார்ந்து நாலு போட்டோ எடுத்துக்கொண்டு, மோர் குடித்துவிட்டுப் போனார். நீ வண்டிக்குக் கொட்டிய பணத்துக்கு அன்றே தங்கம் வாங்கியிருந்தால் என்று அப்பா ஓயாமல் புலம்புகிறார், நான் ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் புலம்புவதில்லை.

அப்புறம் புரோக்கர் அன்பரசன் வந்தான். சுற்றிச் சுற்றிப் பார்த்து, பையன் வண்டிய நல்லா வெச்சிருக்கான், ஒன்னு அம்பது தரேன்னு சொன்னான். பையன் இல்லப்பா, பொண்ணு என்றேன். முகம் மாறிவிட்டது. லேடீஸ் ஓட்டுனதா, அப்ப கிளட்ச் போயிருக்கும்மா, முப்பது கம்மி பண்ணிக்கோங்கன்னான். அதுவரை நன்றாக இருந்த கிளட்ச் பெண் என்றதும் போய்விட்டதாம்! என் பொண்ணு இதுல இமயமலை ஏறுனா, நீ ஸ்கூட்டியில மேம்பாலம் ஏறவே திணறுவே, கிளம்புன்னு சொல்லிவிட்டேன். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உனக்குப் பணம் தேவைப்படும் நேரத்தில் என் வாய்க்கொழுப்பால் கெடுத்துவிட்டேனோ என்று எனக்கும் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை, இதை அவரிடம் சொல்லிவிடாதே.

நேற்று கீழ்பென்னாத்தூரிலிருந்து சரசு என்று ஒரு பி.டி. டீச்சர் பஸ்ஸில் வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். நாங்கள் முன்னாடியே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறோமா என்று முதலில் இன்ஜினைத் தொட்டுப் பார்த்தாள், பிறகுதான் ஸ்டார்ட் பண்ணிக் காது கொடுத்துக் கேட்டாள். கிளட்ச் அருமையா இருக்குதுங்கம்மா, ஓட்டுனவங்க கை பதமான கைன்னாள். புதுசு வாங்க என் சம்பளம் பத்தாது, பழசு விலை எறங்கட்டும்னு ரெண்டு வருஷமா காத்துட்டு இருக்கேன், ஒன்னு நாப்பதுதான் இருக்குதுன்னாள். நாங்கள் இறங்குதே இறங்குதே என்று அழுத விலைக்கு, இறங்கட்டும் என்று ஒருத்தி காத்திருந்திருக்கிறாள். நானே ஒன்று முப்பது போதும் என்றேன். அப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது.

சாவி கொடுத்ததும், ஒரு ரவுண்டு வாங்கம்மான்னு கூப்பிட்டாள். புடவையைச் செருகிக்கொண்டு பின்னால் ஏறினேன். பதினொரு வருஷமாக உன்னைத் திட்டிய திட்டில் பாதியை, கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை வருவதற்குள் வாபஸ் வாங்கிவிட்டேன். மீதிப் பாதி அப்படியேதான் இருக்கிறது.

பெயர் மாற்ற உன் பழைய நம்பருக்கு ஓடிபி வருமாம், வந்ததும் அனுப்பு, விடியவில்லை என்று சாக்குச் சொல்லாதே. விலை பற்றி ஏதாவது கேட்பதானால் அப்பாவிடம் கேள். ஆயுசும் ஆரோக்கியமுமாக இரு, அண்ணாமலையார் துணையிருப்பார்.

உன் அம்மா
கன்னியம்மாள்