சட்டியை அனுப்பமாட்டேன்

சாவ்சோ,
9 செப்டம்பர் 2019

சூலுவானுக்கு,

நலம்தானே? என் போன் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டதால் கடிதம் எழுதுகிறேன். என்னைப் பிரிந்து போகும்போது, இருமலுக்குக் கஷாயம் காய்ச்ச என் மண் சட்டியை இரவல் வாங்கிப் போனாயே, அதைப் பார்சலில் அனுப்பிவை. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஷூவுக்கு மூட்டுவலி, கஷாயம் காய்ச்சச் சட்டி வேண்டுமாம். எனக்கு ஒன்றுமில்லை.

பிங்சின்

சுவாண்டோ,
13 செப்டம்பர்

அன்புள்ள உங்களுக்கு,

ஷூ வீட்டில் சட்டிக்குப் பஞ்சமா? யார் காதில் பூச்சுற்றுகிறீர்கள்? வீட்டில் யாராவது நோயில் படுத்தாலொழிய, இரவல் போன மருந்துச் சட்டியை நம் பக்கத்தில் எவரும் திருப்பிக் கேட்பதில்லை. அனுப்பினால் நோயையும் சேர்த்து அனுப்பியதாக ஆகும். அனுப்பமாட்டேன். உங்களுக்கு என்ன? கடிதம் வந்ததிலிருந்து எனக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை.

சூலுவான்

சாவ்சோ,
17 செப்டம்பர்

சூலுவான்,

நுரையீரலில் சின்னதாக ஒரு கட்டியாம். வசந்தத்தில் எடுத்த படத்தில் தெரிந்தது. கோடையில் மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள், நான் போகவில்லை. நாட்டு மருத்துவர் நாடி பார்த்துவிட்டு, "புதுப் படம் எங்கய்யா? கட்டி வளருதா நிக்குதான்னு தெரியாம நான் என்னத்தக் குடுக்கிறது?" என்று விரட்டிவிட்டார். நானே கடையில், கட்டியைக் கரைக்கும் என்று சொல்லும் பாம்புநாக்குப் புல் மூலிகை வாங்கி மின்சாரப் பாத்திரத்தில் காய்ச்சிக் குடிக்கிறேன். மண் சட்டியில் காய்ச்சாததால்தான் கேட்கவில்லை போலிருக்கிறது.

படம் எடுத்தால் தெரிந்துவிடுமே. பயமாக இருக்கிறது.

பிங்சின்

சுவாண்டோ,
20 செப்டம்பர்

புதன்கிழமை காலை ஸ்கேனுக்கு உங்கள் பெயரைப் பதிந்துவிட்டேன். அங்கே மருத்துவமனை வாசலில் நிற்பேன். முதலில் படம். அந்த வைத்தியர் அதைப் பார்த்து என்ன கொடுத்தாலும் நானே காய்ச்சித் தருகிறேன். சிகரெட்டைத் தொடாதீர்கள்.

சூலுவான்

உங்கள் வீட்டு வாசல்,
25 செப்டம்பர், மத்தியானம்

நீங்கள் வரவில்லை. "லின் பிங்சின் வந்தாச்சா?" என்று நர்ஸ் கத்திக்கொண்டே இருந்தாள். "வந்துக்கிட்டே இருக்காரும்மா" என்று பொய் சொன்னேன். கடைசியில் அவளே இரங்கி, "நாளைக்குக் காலைல மொத ஆளா கூட்டிட்டு வாங்கக்கா" என்றாள்.

தட்டித் தட்டி எனக்குக் கை வலிக்கிறது. நீங்கள் உள்ளேதான் இருக்கிறீர்கள். வாயைப் பொத்திக்கொண்டு இருமுவது இங்கே கேட்கிறது. அதைக் கேட்டபிறகு என்னால் எழுந்து போக முடியவில்லை, அதனால் இதைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன்.

சண்டை போட வரவில்லை. எனக்கும்தான் பயமாக இருக்கிறது. கதவைத் திறங்கள், சேர்ந்தே பயப்படலாம்.

உங்கள் மனைவி