ராத்தாவின் வீடும் மாமாவின் மாட்டுப்பட்டியும்

வெள்ளி இரவு, 1974

இது யார் கையில் கிடைத்தாலும் அல்லாஹ்வுக்காக ஒருவருக்கும் காட்ட வேண்டாம்.

ராத்தாவுக்குச் சீதனமாக எழுதப்போகும் எங்கள் வீட்டைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் மூதூரிலிருந்து வந்தார்கள். பக்கத்து வளவு மாமாவின் மாட்டுப்பட்டி நாற்றத்தைக் கச்சான் காற்று விறாந்தைக்கே கொண்டுவந்தது. மாமாவின் தயிரை இரண்டு கோப்பை சாப்பிட்ட பிறகுதான் மாப்பிள்ளையின் உம்மாவுக்கு அது மணத்ததாம்!

"பட்டிக்குப் பக்கத்து ஊடு பாதி விலைக்கும் போகாது. வேற ஊடு தாங்க" என்றார்.

"மாடுதான் முதல்ல வந்த, ஊடு பொறகுதான் வந்த" என்று மாமா சிரித்தார். எரிச்சலில் மஃரிபு நேரம் பட்டி வாசலை அடைத்திருந்த கடப்புத் தடிகளைக் கழற்றிவிட்டேன்.

இஷாவுக்குப் பிறகு மாமா வந்து வாப்பாவிடம், "புள்ளைக்காகப் பட்டிய நாளைக்கே வயல் பக்கம் மாத்துறன் மச்சான்" என்றார். இதைப் பகலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

மாமா கதவைத் தட்டுகிறார். "மச்சான், எழும்புங்க! மாடெல்லாம்…"