ரை மட்டும் ஏலாது

ஹரோ, லண்டன்
15 செப்டம்பர் 2024

அஞ்சலினாவின் அப்பாவுக்கு,

நான் நலம். பாலையூற்று வீட்டில் நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நினைத்துக்கொள்ளத்தானே முடியும்? போன் அடித்தால் எடுக்கிறீர்கள் இல்லை. "கடிதம் போடும், ஆறுதலாக வாசிக்கிறேன்" என்று ஒரு வரி தட்டி அனுப்புகிறீர்கள். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள்? ஆனாலும் எழுதுகிறேன். உங்களோடு வாதாட எனக்கு நேரமில்லை.

மகளின் கலியாண எழுத்து போன மாதம் பதிவுக் கந்தோரில் முடிந்தது. படங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு தரமும் உங்கள் லண்டன் விசாவை மறுத்துவிட்டார்கள் என்று அவள் விருந்தே வைக்கவில்லை. "அப்பா இல்லாத விருந்து எனக்கென்னத்துக்கு அம்மா?" என்று ஒரே பிடி. இப்போது தானே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். மார்ச் மாதம் சிங்கப்பூரிலிருந்து ஒரு உல்லாசக் கப்பல் புறப்படுகிறது. சிங்கப்பூருக்கு உங்களுக்கு விசா தேவையில்லை. அங்கே வந்து எங்களோடு ஏறுங்கள். கப்பல் திருகோணமலைக்கும் வரும். நீங்கள் உங்கள் துறைமுகத்திலேயே இறங்கிக்கொள்ளலாம், நாங்கள் கொழும்பு வரை போவோம். உங்களுக்குத் தனி அறை, எனக்குத் தனி அறை. அதையும் அவளே யோசித்துப் பதிந்துவிட்டாள்.

விருந்து, கப்பல் திருகோணமலையை அடைவதற்கு முதல் நாள் இரவு. கப்பலில் அதை "போர்மல் நைற்" என்பார்கள். அன்றைக்கு ஆண்கள் நினைத்தபடி உடுத்திக்கொண்டு சாப்பாட்டு மண்டபத்துக்குள் போக ஏலாது. கறுப்பு அல்லது கடும் நீலக் கோட், அதே நிறக் களிசான், வெள்ளைச் சேட்டு, கழுத்துக்கு ரை. கறுப்புச் சப்பாத்து, அதற்குள்ளே கறுப்பு மேஸ். செருப்போடும் ஜீன்ஸோடும் வந்தால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். மாப்பிள்ளை டிலுக்ஷனின் தகப்பன் பிரகலாதன் பல தரம் கப்பலில் போனவர். வண்ணத்துப்பூச்சி மாதிரி இருக்குமே, அந்தப் போ ரை கட்டப்போகிறாராம். உங்களுக்குச் சாதாரண ரை போதும். தகப்பன் உரையை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று மகள் ஆசைப்படுகிறாள்.

இப்போதே தைக்கக் கொடுங்கள். கடைசி நேரத்தில் ஓட வேண்டாம்.

சீலா


பாலையூற்று, திருகோணமலை
9 ஒக்டோபர் 2024

அன்பின் சீலா,

உம்முடைய கடிதத்தை வெளிவிறாந்தையில் கதிரையைப் போட்டு இரண்டு தரம் வாசித்தேன். மகளின் மூளை உம்முடைய மூளை. அரசாங்கம் கதவைச் சாத்தினால் இவள் கடல் வழியாக வருகிறாள்.

ஓம், நான் வருகிறேன். அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

இந்தக் கப்பல்களை எனக்கு நீர் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஓய்வு பெறும் வரை அவற்றை டக் என்கிற இழுவைப் படகால் தள்ளிக் கரை சேர்த்தவன் நான். பகலில் அதிலிருந்து இறங்கி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறீரா? கோணேசர் கோயிலுக்கும் அரைக்களிசானோடு ஏறப் பார்ப்பார்கள், வாசலில் சாரம் கட்டித்தான் உள்ளே விடுவார்கள். அதே ஆட்கள் இரவில் ரை இல்லாதவனைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று நீர் எழுதியதைத் தம்பிராசாவுக்கு வாசித்துக் காட்டினேன். டக்கில் என்னோடு நின்ற அதே தம்பிராசாதான். "அப்ப கோயிலிலயும் கப்பலிலயும் ஒரே சட்டம்தான் மச்சான், உடுப்பு மட்டும்தான் வேற" என்றான்.

நேற்று மத்திய வீதியில் கலீலுர் றஹ்மான் நானாவின் கடையில் துணி எடுத்தேன். கடும் நீலம். "மகளின்ர விருந்துக்கோ? அப்ப இதுதான் சேர்" என்று அவரே உருவிப் போட்டார். கோட், களிசான், வெள்ளைச் சேட்டு, சப்பாத்து, மேஸ், நீர் சொன்ன எல்லாம் சரி. உரையும் சொல்வேன்.

ரை மட்டும் ஏலாது. அதை விட்டுவிடும்.

வேப்பமரத்தின் கிளை கூரையில் முட்டியதால் வெட்டினேன். வேறு ஊர்ப் புதினம் இல்லை. குளிர் தொடங்கியிருக்கும், கவனமாக இரும்.

சூசைப்பிள்ளை


ஹரோ
1 நவம்பர் 2024

அஞ்சலினாவின் அப்பாவுக்கு,

வேப்பமரம் வெட்டியதற்குக் காரணம் எழுதியிருக்கிறீர்கள். ரை கட்டாததற்கு ஒரு காரணமும் இல்லை. "ஏலாது, விட்டுவிடும்." எவ்வளவு சுகமான வசனம்!

இந்த வசனத்தை நான் முதல்தரம் கேட்கவில்லை. நானும் பிள்ளையும் இங்கே வந்து, ஆஸ்பத்திரியில் வேலை நிலைத்து, உங்களுக்கும் விசா கிடைத்த காலத்தில் இதே வசனம்தான் வந்தது. துறைமுகத்தை விட்டுவிட்டு வர ஏலாது. நானும் திரும்பி வரவில்லை. அதைப்பற்றி இனி நான் சண்டை பிடிக்கப் போவதில்லை. இரண்டு பேரும் அவரவர் சரியென்று நினைத்ததைச் செய்தோம். ஆனால் அப்போது கேட்டது ஒரு வாழ்க்கை. இப்போது கேட்பது ஒரு முழத் துணி. அதுவும் ஒரு இரவுக்கு.

பிரகலாதன் நல்ல மனிதர்தான், ஆனால் எல்லாவற்றையும் கவனிப்பார். "திருகோணமலைச் சம்பந்திக்கு டிரெஸ் கோட் விவரம் அனுப்பினீங்களோ?" என்று போன ஞாயிறும் கேட்டார். அனுப்பினேன் என்றேன். அவர் முன்னால் எனக்குத் தலை குனிய விருப்பமில்லை. உங்கள் மகளுக்கும் இருக்காது.

ஆகவே ஒரே முடிவு. ரை கட்டுவதானால் வாருங்கள். இல்லையென்றால் அந்த இரவு உங்கள் அறைக்கே சாப்பாடு அனுப்பச் சொல்கிறேன். உரையைப் பிரகலாதன் சொல்வார். அவருக்கு அது மிகவும் பிடிக்கும்.

சீலா


பாலையூற்று
22 நவம்பர் 2024

அன்பின் சீலா,

நீர் கேட்டது நியாயம். காரணம் சொல்கிறேன். நீர் நேர்ஸ், ஆகவே சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

போன வருடம் தை மாதம் கழுத்தில் ஒரு கட்டி கண்டார்கள். தைரொயிட். புற்றுநோய்தான். கொழும்பில் ஒப்பரேசன் செய்து எடுத்தார்கள். தம்பிராசா கூட வந்து நின்றான். கட்டி நரம்போடு ஒட்டியிருந்ததாம், அதை எடுக்கும்போது குரல் நரம்பும் பழுதுபட்டுவிட்டது. முதலே சொல்லித்தான் வெட்டினார்கள். இப்போது நோய் இல்லை. சாப்பிடுகிறேன், நடக்கிறேன், காலையில் கடலில் குளிக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொழும்புக்குப் போய்க் காட்டுகிறேன். கழுத்துப் பொத்தானைப் பூட்டினால் மட்டும் இருமல் தொடங்கி நிற்காது. கோட்டும் சேட்டும் வந்த அன்றைக்கு றஹ்மான் நானாவின் கண்ணாடிக்கு முன்னால் ரை கட்டியும் பார்த்தேன். அவர் பயந்துபோய் அவிழ்த்துவிட்டார்.

இதுதான் போன் எடுக்காததற்கும் காரணம். ஒரு "ஹலோ" கேட்டாலே நீர் கண்டுபிடித்திருப்பீர்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர். சொன்னால் நீர் லீவு எடுத்து ஓடி வந்திருப்பீர். நன்றாகப் பார்த்திருப்பீர். பிறகு லீவு முடிந்து திரும்பிப் போயிருப்பீர். நோயைத் தாங்கலாம் என்று இருந்தது. உம்மைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இன்னொரு தரம் வழியனுப்புவதைத் தாங்கலாம் என்று இருக்கவில்லை. இதை நான் யோசித்துத்தான் செய்தேன், இன்றைக்கும் அப்படித்தான் செய்வேன்.

அஞ்சலினாவுக்குத் தெரியும். அவள் வீடியோவில் வந்தபோது பிடித்துவிட்டாள். உமக்குச் சொல்ல வேண்டாம் என்று சத்தியம் வாங்கியது நான். அவளை ஏசாதேயும்.

இனி விருந்து. அறையில் இருந்து சாப்பிட நான் சிங்கப்பூர் வரை வரவில்லை. ரை இல்லாமல் மேசைக்கு வருவேன். உரையும் நானே சொல்வேன். பிரகலாதன் வேண்டுமானால் எனக்குப் பிறகு சொல்லட்டும்.

சூசைப்பிள்ளை


ஹரோ
14 டிசம்பர் 2024

உங்களுக்கு,

இரண்டு நாள் உங்கள் கடிதத்தைத் தொடவில்லை. பிறகு வேலைக்குப் போய், இப்படி ஒப்பரேசன் முடிந்து வந்த ஒரு மனிதருக்குக் கழுத்தில் கட்டு மாற்றினேன். அவருடைய மனைவி பக்கத்தில் கதிரையில் இருந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் செய்யவில்லை, சும்மா இருந்தாள். எனக்கு அவள் மேல் வந்த பொறாமையை எப்படி எழுதுவது?

உங்கள் மேல் கோபம் இருக்கிறது. இருக்கும். அது என்னுடைய உரிமை, அதைச் சமாதானப்படுத்த வர வேண்டாம். மகளையும் ஏசினேன். அவள் அழுதாள், நானும் அழுதேன், பிறகு இருவரும் தேத்தண்ணி குடித்தோம்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். கப்பல் கொம்பனிக்கு எழுதிக் கேட்டேன். போர்மல் நைற்றில் கோட்டும் ரையும் இல்லாவிட்டால், அந்தந்த நாட்டுத் தேசிய உடை முழுமையாக அணிந்து வரலாம் என்று பதில் வந்தது. ஆகவே கோட் வேண்டாம். கழுத்தைத் திறந்துவிட்டுக் கோட் போட்டால் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர் மாதிரி இருக்கும். பட்டு வேட்டி, கொலர் இல்லாத வெள்ளைச் சட்டை, மேல் பொத்தான் திறந்தபடி, தோளில் சால்வை. சால்வையைக் கழுத்தில் சுற்றி மறைக்க வேண்டாம். மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

பிரகலாதனிடம் நானே சொன்னேன்.

"போர்மல் நைற்றில வேட்டியோ?" என்றார். "எல்லாரும் திரும்பிப் பார்ப்பினம்."

"பார்க்கட்டும் அண்ணா. பொம்பிளையின்ர தகப்பனை எல்லாரும் பார்க்கத்தானே வேணும்?" என்றேன்.

ஒப்பரேசனைப் பற்றி நான் சொல்லவில்லை. உங்களுக்கு விருப்பமானால் நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் மருந்துக் குளிசைகளின் பெயரை எழுதி அனுப்புங்கள். கல்சியம் எடுக்கிறீர்களா?

சீலா


பாலையூற்று
6 ஜனவரி 2025

அன்பின் சீலா,

கல்சியம் எடுக்கிறேன். பெயர்களைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

நம்முடைய கலியாணத்திலும் நான் கோட்தான் போட்டேன், வேட்டி கட்டியே பழக்கமில்லை. றஹ்மான் நானா ஒட்டிக்கொள்ளும் வேட்டி ஒன்று காட்டினார். கப்பல் ஆடும்போது ஒட்டு விட்டுப்போனால் தேசிய உடை தேசிய அவமானமாகிவிடும் என்று வேண்டாமென்றேன். உண்மையான வேட்டி வாங்கி, உள்ளே பெல்ட் போட்டு, பாலன் பிறப்பு நத்தார்ப் பூசைக்குக் கட்டிக்கொண்டு போனேன். பாதர் என்னை இரண்டு தரம் பார்த்தார். "சூசை, தேர்தலில நிக்கப்போறியோ?" என்றார். இன்றைக்குக் கடற்கரைக் காற்றிலும் நடந்து பார்த்தேன். விழவில்லை.

உம்முடைய கோபத்தைச் சமாதானப்படுத்த வரவில்லை. அந்தக் கடிதத்தை மட்டும் பல தரம் வாசித்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

சிங்கப்பூரில் சந்திப்போம்.

சூசைப்பிள்ளை


கப்பலிலிருந்து, திருகோணமலைத் துறைமுகத்துக்குள்
16 மார்ச் 2025, காலை

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் மேல் தளத்தில் நின்று டிலுக்ஷனுக்கு டக் படகுகளைக் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள். கீழே படகிலிருந்து யாரோ உங்களைக் கண்டு கை அசைப்பது இங்கிருந்தும் தெரிகிறது. கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடுவீர்கள். இந்த ஐந்து நாளும் பக்கத்தில் இருந்தும் சொல்லாததை எழுதி உங்கள் பையில் வைக்கிறேன். எங்களுக்கு இப்போது இப்படித்தான் கதைக்க வருகிறது.

நேற்று மண்டப வாசலில் நான் உங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றேன். யாராவது ஏதாவது சொன்னால் பதில் சொல்ல ஆயத்தமாக, கொம்பனியின் மின்னஞ்சலையும் போனில் திறந்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. நீங்கள் நடந்து வந்த விதத்துக்கு அந்தப் பொடியன் கதவை இரண்டு கையாலும் திறந்தான். எத்தனை கறுப்புக் கோட்டுகள் அந்த மண்டபத்தில்! வெள்ளை வேட்டியோடு நீங்கள் ஒருவர்தான். கழுத்துத் தழும்பை நான் அப்போதுதான் வெளிச்சத்தில் முழுதாகப் பார்த்தேன். நல்ல கைக்காரன் தைத்திருக்கிறான்.

பிறகு நீங்கள் எழும்பி மைக்கை வாங்கினீர்கள். இத்தனை நாளும் அவரோடு தலையசைத்தே சமாளித்தீர்களே, முதல் சொல் வந்ததும் பிரகலாதன் மைக் பழுதென்று நினைத்து ஆளைக் கூப்பிடப் போனார். நீங்கள் கையால் மறித்தீர்கள்.

"மைக்கில பிழை இல்லைச் சம்பந்தி. எனக்குக் குரல் கொஞ்சம்தான் மிச்சம். அதை இண்டைக்குப் பாவிக்கத்தான் வைச்சிருந்தனான்."

பக்கத்து மேசைகளில் வெள்ளைக்காரர் கூடக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். ஒரு சொல்லும் விளங்காதவர்கள்! நீங்கள் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னது எனக்கு இப்போதும் அப்படியே கேட்கிறது: "எங்க வேணுமெண்டாலும் போய் இருங்கோ பிள்ளையள். லண்டனோ, லங்காவோ, எனக்குக் கவலை இல்லை. ஆனா ரெண்டு பேரும் ஒரே கரையில இருங்கோ."

அவ்வளவுதான். கதிரையில் இருந்துவிட்டீர்கள். பிரகலாதன் தான் எழுதி வைத்திருந்த உரையைச் சட்டைப்பையில் இருந்து எடுக்கவேயில்லை. எழும்பி வந்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் உங்களைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எழும்பி வெளியே போயிருப்பேன்.

நான் திரும்பி வந்து பாலையூற்றில் இருக்கப்போவதில்லை. நீங்கள் லண்டனுக்கு வரப்போவதுமில்லை. யாராவது ஒருவர் மாறுவார் என்று இனியும் காத்திருக்க எனக்கு மனமில்லை, உங்களுக்கும் இருக்காது. பிள்ளைகளுக்கு நீங்கள் சொன்னது எங்களுக்குப் பிந்திவிட்டது.

ஆனால் ஜூன் மாதம் உங்களுக்குக் கொழும்பில் கிளினிக் என்று மகள் சொன்னாள். நான் லீவு கேட்டாயிற்று, தந்தும்விட்டார்கள். தம்பிராசாவை இந்த முறை வீட்டில் ஓய்வெடுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு கிளினிக்குக்கும் நான் வருவேன். திரும்பியும் போவேன். விமான நிலையத்துக்கு நீங்கள் வர வேண்டாம். ஆஸ்பத்திரி வாசலில் விடைபெறுவோம், அது எனக்குப் பழகிய இடம்.

உங்களிடம் உத்தரவு கேட்கவில்லை, அறிவிக்கிறேன். உங்களிடம் படித்ததுதான்.

கூட வந்தது யார் என்று அங்கே கேட்பார்கள். மனைவி என்று சொல்லுங்கள். உரத்துச் சொல்லத் தேவையில்லை. நான் பக்கத்திலேயே நிற்பேன்.

உங்கள்
சீலா