மேற்கு வரப்புப் பருத்தி

மார்கழி 3, வெள்ளி

காலையில் பனி. பருத்தியில் அசுவினிப் பூச்சி ஏறிவிட்டது. வீட்டுக்காரர் மருந்து அடித்தார். எங்கள் ஸ்பிரேயர் ரிப்பேர். எப்போதும்வென்றான் ஊரில் இருக்கும் நாத்தனார் வீட்டு ஸ்பிரேயரை வாங்கி வந்திருந்தார். டேங்க் மூடியைத் திறந்தால் பினாயில் மாதிரி நெடி. மேற்கு வரப்பில், பக்கத்து நிலத்துக்காரன் கருப்பசாமியின் காட்டை ஒட்டித் தொடங்கினார். நான் தண்ணீர் சுமந்தேன். தோள் வலி. வாங்க: சோப்பு, சீரகம், மண்ணெண்ணெய்.

மார்கழி 9, வியாழன்

மூடாப்பு. மழை இல்லை. மேற்கு வரப்புப் பக்கம் செடிகள் கோணிக்கொண்டு நிற்கின்றன. இலை விரல் விரலாகக் கோழிக்கால் போல். தண்டெல்லாம் முறுக்கு. இலையைத் திருப்பிப் பார்த்தேன். புதுப் பூச்சி இல்லை, முட்டை இல்லை. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் வெள்ளையாக, நன்றாகவே இருக்கிறது. அவர் ஒரு செடியை வேரோடு பிடுங்கி வரப்புக் கல்லில் அடித்தார். தண்டு நார் நாராகும் வரை நிறுத்தவில்லை.

மார்கழி 10, வெள்ளி

எட்டயபுரம். இரண்டு செடியை எடுத்துப்போய் உரக்கடைக்காரரிடம் காட்டினோம். கண்ணாடியை ஏற்றிவிட்டு இலை நரம்பைப் பார்த்தார்.

“இது நோயில்ல அண்ணாச்சி. களைக்கொல்லி பட்டிருக்கு. பக்கத்துல யாரும் அடிச்சாவளா?”

ரொம்பப் பட்ட செடியைப் பிடுங்கிவிட வேண்டுமாம். மற்றதை நுனி கிள்ளி, யூரியாவை லேசாகக் கரைத்துத் தெளித்தால் தேறுமாம். இவர் காதில் அதெல்லாம் ஏறவில்லை. பஸ்ஸில் வழி முழுக்கக் கருப்பசாமி பேச்சுதான். போன வருஷம் அவன் ஆடுகள் எங்கள் பருத்தியில் இறங்கின. இவர் ஒரு குட்டியின் காலை ஒடித்தார். அதற்குப் பழி வாங்கிவிட்டான் என்கிறார். நம் காட்டுக்குள் ஆள் வந்த தடம் இல்லையே என்றேன். அத்தனை பேர் முன்னாலும் கன்னத்தில் ஓர் அறை. கண்டக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்கழி 11, சனி

காலையில் அரிவாளோடு போனார். பின்னாலேயே ஓடினேன். கருப்பசாமி ஆடுகளுக்குக் குழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

“எம் பருத்தில என்னத்தல அடிச்ச?”

“நான் ஒண்ணும்...”

அவன் முடிக்கவில்லை. முதல் வெட்டு தோளில். அடுத்ததை வலது கையால் தடுத்தான். விரல்கள் மண்ணில் விழுந்தன. கரிசலில் ரத்தம் சிவப்பாகத் தெரியவில்லை, ஈரமாகத்தான் தெரிந்தது. அவன் பெண்டாட்டி மாரியம்மா முந்தானையைக் கிழித்துக் கையைச் சுற்றினாள். நான் இவர் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். அரிவாள் பிடியால் என் நெற்றியில் இடித்தார். போகிற போக்கில் ஒரு கிடாயின் கழுத்தையும் வெட்டிப் போட்டார். பிறகு தானாகவே ஸ்டேஷனில் போய் நின்றுகொண்டாராம்.

மார்கழி 14, செவ்வாய்

நாத்தனார் வந்தாள். அண்ணனை நினைத்து அழுதாள். அழுது ஓய்ந்ததும் அவர்கள் சோளத்தைப் பற்றிப் பேச்சு.

“களையெல்லாம் கருகிட்டு மதினி. களைக்கொல்லிய அந்த ஸ்பிரேயர்லதான் அடிச்சோம்.”

டேங்கைக் கழுவினீர்களா என்று கேட்டேன். கழுவின ஞாபகம் இல்லை என்றாள்.

அவள் போனதும் காட்டுக்கு ஓடினேன். முதல் டேங்க் மருந்து அடித்த சால் வரிசையில் செடி மொத்தமும் முறுக்கு. அடுத்த டேங்கில் குறைவு. அப்புறம் நுனி மட்டும். கிழக்கே போகப் போக நல்ல இலை. அவர் அன்றைக்கு மருந்தடித்து நடந்த வழியேதான் முறுக்கும் போயிருக்கிறது. கருப்பசாமி வரப்பில் நிற்கும் அவரைக்கொடியில் ஓர் இலைகூட வாடவில்லை.

ஸ்பிரேயர் இன்னும் எங்கள் வீட்டில்தான். வெறும் தண்ணீர் விட்டுக் குலுக்கி, கொல்லைக் கத்தரியில் அடித்தேன்.

மார்கழி 19, ஞாயிறு

கத்தரி முறுக்கிவிட்டது.

பருத்தியில் நுனி கிள்ளினேன். யூரியா, வேறு குடத்தில் கரைத்து.

தை 6, செவ்வாய்

நல்ல வெயில். கிள்ளின செடிகளில் பக்கக் கிளை. அவர் ஜாமீனில் வந்தார். வீட்டுக்குள் வராமல் நேரே பருத்திக்குப் போய்த் தளிரைத் தடவிப் பார்த்தார். அங்கேயே சொன்னேன். ஸ்பிரேயர், சோளம், கத்தரி எல்லாம். நம்பிவிட்டார், முகத்தில் தெரிந்தது.

“செடிதான் பொழச்சிட்டுல்லா, பெறகென்ன? வாயத் தொறந்தன்னா ஒன் நாக்க அறுத்துருவேன்.”

வீட்டுக்கு வந்து கத்தரிச் செடியை மிதித்துத் துவைத்தார். பிறகு என்னை. மூச்சு விட்டால் விலா குத்துகிறது.

தை 8, வியாழன்

எழுதுவது புதியம்புத்தூரில், தம்பி வீட்டில். தையல் மிஷின் சத்தம். திரும்பிப் போகவில்லை.

காலையில் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போனேன். கருப்பசாமி கட்டு மாற்ற வந்திருந்தான். மாரியம்மா என்னைக் கண்டதும் எழுந்து வந்து என் சேலையைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்தாள். நான் விலகவில்லை. அப்படி நின்றபடியே எல்லாம் சொன்னேன். அவள் புருஷனைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“இத ஸ்டேஷன்ல வந்து சொல்லுவியாட்டி?”

“சொல்லுதேன்.”

அப்புறம்தான் பிடியை விட்டாள். மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். நான் சொல்லச் சொல்ல ஏட்டு எழுதினார். கையெழுத்துப் போட்டேன். கருப்பசாமியையும் ஒன்று போடச் சொன்னார். எழுதப் படிக்கத் தெரிந்தவன்தான். இடது கைப் பெருவிரலை நீட்டினான்.